பிறந்த வீடு தெரியாத சிரிப்பு

தண்ணீர் வழிந்தது. நான் முதலில் கவனித்தது அதைத்தான். என் அண்ணன் டம்ளரை வாயில் வைத்தான். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. வாயின் இரண்டு ஓரங்களிலும் வழிந்து சட்டையை நனைத்தது. அவன் முகமோ சிரித்துக்கொண்டிருந்தது.

அந்த ஒரு டம்ளர் தண்ணீரை உங்கள் முன்னால் அப்படியே வைத்துவிட்டு, அவை வணக்கத்துக்கு வருகிறேன்.

எனக்கு முன்னே பேசியவர்கள் எல்லாம் கடலாய்ப் பொங்கிய பிறகு, கரையோரம் தயங்கி நின்ற என்னையும் "வாம்மா" என்று அழைத்த அவைத் தலைவர் அவர்களே! சொற்களைத் தூசி தட்டி அடுக்கி வைத்து, கேட்டவர் கைக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும் வாசகசாலை அம்மா அவர்களே! முதுமையையும் மூக்குக்கண்ணாடியையும் ஒருசேர அணிந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர்களே! வேலை முடித்த கையோடு, ஈரக் கையைத் துடைத்தபடியே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பின்னால் உட்கார்ந்தால் மேடைக்குத் தெரியாது என்று நம்பி, இப்போதும் என்னைக் காட்டிக் கிசுகிசுத்துக்கொண்டிருக்கும் என் வயதுத் தோழியரே, தோழர்களே! உங்கள் அனைவருக்கும் அச்சம் கலந்த என் வணக்கம்.

அன்பு கலந்த வணக்கம் என்று சொல்வதுதான் வழக்கம். எனக்கும் தெரியும். ஆனால் என்னிடம் இப்போது எது அதிகமாக இருக்கிறதோ, அதைத்தானே நான் கலக்க முடியும்?

பேச்சைத் தொடங்கும் முன் இரண்டு வேண்டுகோள். ஒலிபெருக்கி அண்ணா, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். இன்னும் கொஞ்சம். போதும், நன்றி. இரண்டாவது, அவையோருக்கு. என் பேச்சு பிடித்தாலும், பிடிக்காவிட்டாலும், தயவுசெய்து யாரும் கை தட்டாதீர்கள். "இவள் பேச்சுக்குக் கை வேறு தட்டுவார்களா?" என்று பின்னால் ஒரு குரல் கேட்கிறது. நல்லது அண்ணா, நீங்கள்தான் எனக்குத் துணை. அப்படியே இருங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இந்த அரங்கின் விதி உங்களுக்குத் தெரியும். பேசுகிறவர் ஒவ்வொருவரும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் உழைப்பை எடுத்தார். ஒருவர் ஒற்றுமையை எடுத்தார். ஒருவர் வானத்தையே எடுத்துக்கொண்டு போய்விட்டார். எல்லாம் பெரிய சொற்கள். பேர் பெற்ற சொற்கள். பிறந்த வீடு தெரிந்த சொற்கள். நான் எடுத்து வந்திருக்கும் சொல் அப்படிப்பட்டது அல்ல. அது ஒரு பழைய கிரேக்கச் சொல். சர்தானியோஸ். அதன் பொருள் ஒருவகைச் சிரிப்பு. எந்த வகை என்று கேட்கிறீர்களா?

என்னைப் பாருங்கள். மேடை ஏறியதிலிருந்து நான் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன், கவனித்தீர்களா? மகிழ்ச்சியா? இல்லை. கேலியா? இல்லவே இல்லை. எனக்குப் பயம் வந்தால் உதடு தானாக விலகும். பல் தானாகத் தெரியும். அடக்க நினைத்தால் இன்னும் அகலமாகும். பிறந்ததிலிருந்தே இப்படித்தான்.

எங்கள் அப்பா இறந்த அன்று நான் சின்னப் பிள்ளை. வீடு முழுக்க உறவுக்கூட்டம். நடுவில் நின்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன். "அப்பன் போயிட்டான், இது பல்லைக் காட்டுது பாரு" என்று ஒரு பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா அழுதுகொண்டே எழுந்து வந்தாள். தன் உள்ளங்கையால் என் வாயை மூடினாள். மூடிய கைக்கு மேலே என் கண்ணைப் பார்த்தார்கள் எல்லோரும். அதன் பிறகு யாரும் என்னைத் திட்டவில்லை.

பள்ளிக்கூடத்தில் அம்மாவின் கை இல்லை. "யாரைப் பாத்து இளிக்கிற?" என்றார் டீச்சர். பயந்தேன்; சிரித்தேன். "இன்னும் இளிக்கிறியா? வெளிய நில்லு" என்றார். இன்னும் பயந்தேன், இன்னும் சிரித்தேன். வெளியே நின்று நின்று, ஒரு நாள் அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பல் தெரிந்தால் சிரிப்பு என்றுதானே உலகமே படித்து வைத்திருக்கிறது?

பிறகு அண்ணன் வேலை செய்யும் பட்டறைக்கே நானும் போனேன். மரப்பெட்டிப் பட்டறை. பழைய பெட்டிகள் வரும். பிரித்து, ஆணியைப் பிடுங்கி, தேறுகிற பலகையை எடுத்துப் புதுப்பெட்டி அடிக்க வேண்டும். அண்ணன் அடிப்பான். நான் பிடுங்குவேன். அவன் அடித்த ஆணி என்றாவது ஒரு நாள் என் கைக்கே திரும்பி வரும். மரத்தூள் மூக்கில் ஏறாமல் இருக்க எல்லோரும் முகத்தில் துணி கட்டிக்கொள்வோம். அந்தத் துணிதான் எனக்குக் கிடைத்த பெரிய வரம். அதற்குள் நான் எப்படி வேண்டுமானாலும் பயந்துகொள்ளலாம்!

பட்டறையில் என் பெயர் பல்லி. காரணம் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் பெயர் கல்லுமூஞ்சி. அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. முதலாளி நகைச்சுவை சொன்னால் சம்பளம் வாங்குகிற எல்லோரும் சிரிப்பார்கள். அவன் மட்டும் அடுத்த பலகையை எடுப்பான். "நம்ம வீட்டுல இருந்த சிரிப்பை எல்லாம் நீயே எடுத்துக்கிட்ட" என்பான் என்னிடம். அவ்வளவுதான் அவன் நகைச்சுவை.

அந்தக் கல்லுமூஞ்சிதான் ஒரு காலை, டீ நேரத்தில், முகத்துணியை அவிழ்த்ததும் சிரித்துக்கொண்டிருந்தான்.

எங்கள் பட்டறையில் ரேடியோ அக்கா என்று ஒருவர் உண்டு. பெயரிலேயே புரிந்திருக்கும். அவர்தான் முதலில் கூவினார்.

"ஏ, எல்லாரும் இங்க வாங்க! கல்லு சிரிக்குது! சத்தியமா சிரிக்குது!"

டீ டம்ளரோடு கூட்டம் கூடியது.

"என்ன மாப்பிள்ளை, பொண்ணு பாத்தாச்சா? எங்ககிட்டலாம் சொல்ல மாட்டீங்களா?" என்றார் அக்கா.

பலகை அளப்பவர் ஒருவர் உண்டு. எதையும் அளந்துதான் சொல்வார். "பொண்ணு பாத்த சிரிப்பு இது இல்ல. அது ஒரு பக்கம் கோணும். இது ரெண்டு பக்கமும் சமமா போகுது. மொதலாளி இவனை மேஸ்திரி ஆக்கப் போறாரு, அதான்."

"நானா?" என்றார் முதலாளி. "நான் யாரையும் ஆக்கலப்பா. நேத்து நான் தூள்ல வழுக்கி விழுந்தேன்ல, அத நெனச்சு இன்னிக்கு சிரிக்கிறான். லேட்டா ஏறுது பயலுக்கு. சிரி ராசா, சிரி. நல்லா சிரி!"

அவையோரே, ஒரு சிரிப்பு. அதற்கு மூன்று பிறப்பிடம்! பெண் பார்த்ததில் பிறந்தது என்றார் ஒருவர். பதவியில் பிறந்தது என்றார் ஒருவர். வழுக்கி விழுந்ததில் பிறந்தது என்றார் மூன்றாமவர். மூவரும் அவனை நேசித்தவர்கள்தான். மூவரும் மகிழ்ந்தவர்கள்தான். மூவரில் ஒருவராவது அவனைக் கேட்டாரா?

தொடக்கத்தில் சொன்ன அந்தத் தண்ணீரை நான் பார்த்தேன். சட்டை நனைவதைப் பார்த்தேன். கிட்டே போனேன். "அண்ணே?" என்றேன். அவன் பல்லைத் திறக்காமலே, பல்லிடுக்கில் காற்றைத் தள்ளிச் சொன்னான்: "தொறக்கல."

வாய் திறக்கவில்லை!

டீ முடிந்தது. சுத்தியல்கள் தொடங்கின. தகரக் கூரைக்குக் கீழே ஒரே நேரத்தில் பத்துச் சுத்தியல் அடித்தால் எப்படி இருக்கும்? அண்ணன் பெட்டி அடுக்கின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஓர் அடி விழும். அவன் தோள் துள்ளும். இன்னோர் அடி விழும். அவன் கழுத்து பின்னால் இழுக்கும். அடி எங்கோ பலகையில் விழுந்தது; வலி இங்கே இவன் உடம்பில் விழுந்தது. முகம் மட்டும் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது.

ஓடினேன் முதலாளியிடம்.

"மொதலாளி, அண்ணனுக்கு என்னமோ ஆகுது."

"என்ன ஆகுது?"

"தெரியல. வாய் தொறக்கல. தண்ணி இறங்கல."

"அதச் சிரிச்சுக்கிட்டே சொல்றே?" அவரும் சிரித்தார். "அண்ணனும் தங்கச்சியும் பேசி வச்சுக்கிட்டு என்னை ஓட்டுறீங்களா? போ பாப்பா, போய் ஆணியப் பிடுங்கு."

"இல்ல மொதலாளி, நெசமா!"

கத்தினேன் தாய்மார்களே, என் வாழ்நாளில் முதல் முறையாகக் கத்தினேன். ஆனால் பயம் ஏற ஏறப் பல் தெரிந்தது. பல் தெரியத் தெரிய அவர் நம்பவில்லை. அவர் நம்ப மறுக்க மறுக்க என் பயம் ஏறியது. "அடேங்கப்பா, முப்பத்திரண்டும் தெரியுது!" என்றார் ரேடியோ அக்கா. நான் சொன்னது உண்மை. சொன்ன வாய் பொய். என் வார்த்தையை என் முகமே மறுத்துப் பேசியது. அந்த நிமிடம் நான் ஊமையாய்ப் பிறந்திருந்தால் என் அண்ணனுக்கு எவ்வளவு உதவியாய் இருந்திருப்பேன்!

அப்போதுதான் அம்மாவின் உள்ளங்கை நினைவுக்கு வந்தது.

கழுத்தில் தொங்கிய துணியை இழுத்தேன். மூக்குக்குக் கீழே, வாயை மூடி, இறுக்கிக் கட்டினேன். முதலாளி முன்னால் போய் நின்றேன். இந்த முறை கத்தவில்லை.

"மொதலாளி, இப்பப் பாருங்க."

"இப்ப எதுக்குடி மூஞ்சிய மூடி..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். என் கண்ணைப் பார்த்துவிட்டார்.

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். முதலாளியின் கையை நான் பிடித்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் நம்ப முடியவில்லை. அண்ணன் முன்னால் உட்கார்ந்தேன். அவன் துணியை எடுத்தேன். அந்தச் சிரிப்பின் மேல் கட்டினேன்.

சிரிப்பு மறைந்தது. மேலே மிச்சம் இருந்தவை இரண்டு கண்கள். அந்தக் கண்களில் இருந்ததை நான் மேடைத் தமிழில் சொல்ல மாட்டேன். தண்ணீருக்குள் மூழ்குகிறவன் மேலே பார்ப்பான் அல்லவா? அப்படிப் பார்த்தான்.

முதலாளி இரண்டு கையையும் மேலே தூக்கினார். "நிறுத்துங்கடா! சுத்தியல நிறுத்துங்க எல்லாரும்!"

அந்தப் பட்டறை அப்படி ஓர் அமைதியை அதுவரை கேட்டதில்லை.

சரக்கு வண்டியில் பலகைக்குப் பதிலாக அண்ணனைப் படுக்க வைத்தோம். எங்கள் முதலாளி ஹார்ன் அடிக்காமல் வண்டி ஓட்டத் தெரியாதவர். முன்னால் யாரும் இல்லாவிட்டாலும் பழக்கத்துக்கு ஒன்று அடிப்பார். "ஹார்ன் வேணாம் மொதலாளி, சத்தம் கேட்டா இழுக்குது" என்றேன். அந்த நெரிசலில், தலையை வெளியே நீட்டி, "ஐயா, கொஞ்சம் வழி, ஐயா கொஞ்சம் வழி" என்று மெல்லக் கெஞ்சிக்கொண்டே மருத்துவமனை வரை ஓட்டினார். அன்று அவர் வாயால் ஓட்டிய வண்டியில்தான் என் அண்ணன் உயிர் பயணம் செய்தது.

டாக்டரம்மா அவன் துணியை அவிழ்த்தார். ஒரு கணம்தான் பார்த்தார். சிரிக்கவில்லை.

"ஆணி ஏதாவது குத்துச்சா?"

குத்தியிருந்தது. சில நாள் முன்னால், குதிகாலில். எண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டான். டி.டி. ஊசி போட்டாயா என்று அம்மா கேட்டதற்கு, இந்த வேலை முடியட்டும் என்றிருக்கிறான். எங்கள் வீட்டில் யாருக்கு எப்போது வேலை முடிந்திருக்கிறது?

டெட்டனஸ் என்றார் டாக்டரம்மா. காயத்தின் வழியே கிருமி நுழைந்துவிட்டது, தாடை பூட்டிக்கொண்டது, முகத்துத் தசை எல்லாம் இழுத்துப் பிடித்துக்கொண்டது. "இது சிரிப்பு இல்லம்மா. அவன் சிரிக்கல. அவனை யாரோ பிடிச்சு இழுத்து வச்ச மாதிரி." பிறகு உடன் நின்ற இளைய டாக்டரிடம் திரும்பி, இந்தச் சிரிப்புக்கு ஒரு பெயர் உண்டு என்று ஏதோ ஒரு பெயரைச் சொன்னார். சார்டோனிகஸ் என்று என் காதில் விழுந்தது.

முன்பின் தெரியாத ஒருவரை நானாகக் கேள்வி கேட்டது அன்றுதான். "டாக்டர், அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?"

டாக்டரம்மா நின்றார். "அர்த்தமா? கிரேக்கத்துலேருந்து வந்ததுன்னு படிச்சோம். அதுக்கு மேல எனக்கும் தெரியாது. தெரிஞ்சா எனக்கும் வந்து சொல்லும்மா." சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். கதவு மூடிக்கொண்டது.

இருட்டு அறையில் வைத்தார்கள் அவனை. வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது, தொடக்கூடக் கூடாது. ஒரு தட்டு கீழே விழுந்தால் உடம்பு வில்லாக வளையும். உள்ளே போகிற நர்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். அம்மா வாசலில் தரையில் உட்கார்ந்தாள். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். சத்தம் வந்தால் மகனுக்கு வலிக்குமே! அழுவதற்குக்கூடப் பயந்த ஒரு தாயை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா தாய்மார்களே? நான் பார்த்தேன்.

"பிழைச்சுக்குவான்ல டாக்டர்?" என்று கேட்டாள். "பாக்கலாம்மா" என்றார் அவர். பாக்கலாம்! இதைவிடப் பயங்கரமான ஒரு சொல் நம் மொழியில் உண்டா?

அந்தப் பாக்கலாமில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. மருத்துவமனைக்கு எதிரே இந்த வாசகசாலை. உள்ளே வந்தேன். மேசைக்குப் பின்னால் இந்த அம்மா. வாயைக் கையால் மூடிக்கொண்டு கேட்டேன்: "ஒரு சொல்லு தேடணும்."

ஏன் தேடினேன்? அறிவுக்காகவா? ஆராய்ச்சிக்காகவா? உங்களிடம் மறைக்க மாட்டேன். பயம் எனக்குள் ஒரு பந்தயம் கட்டியிருந்தது. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் அதை அங்கேயே திருப்பி அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லின் வேர் கிடைத்தால் அண்ணன் பிழைப்பான், கிடைக்காவிட்டால்? கேலி செய்யாதீர்கள். உங்களுக்கு வேண்டிய ஒருவர் கதவுக்கு உள்ளே கிடக்கும்போது, நீங்களும் ஏதோ ஒன்றின் மேல் பந்தயம் கட்டியிருப்பீர்கள்.

தடித்தடியான அகராதிகளை எடுத்துப் போட்டார் அம்மா. நான் எழுத்துக் கூட்டினேன். அவர் பொருள் சொன்னார். டாக்டரம்மா சொன்ன பெயருக்கு மூலம் சர்தானியோஸ் என்ற அரிய சொல்லாம். மிகப் பழைய ஒரு கிரேக்கக் காவியத்தில் ஒரே ஓர் இடத்தில் எட்டிப் பார்க்கிறதாம். நெஞ்சில் நெருப்பை வைத்துக்கொண்டு ஒருவன் சிரிக்கிற சிரிப்பு. சரி, எங்கிருந்து வந்தது?

ஒரு சாரார் சொல்கிறார்களாம்: தூரக்கடலில் சார்டினியா என்று ஒரு தீவு. அங்கே கீரைபோல் ஒரு செடி. தின்றவன் முகம் கோணிப் பல் தெரியச் செத்துப்போவான். அந்தத் தீவின் பெயரால் வந்தது இந்தச் சொல். அதே தீவைப் பற்றி இன்னொரு கதையும் உண்டாம். முதியவர்களைக் கொல்லும்போது கூடி நின்று சிரிப்பார்களாம். கேட்கவே கூசுகிறது அல்லவா?

இன்னொரு சாரார் மறுக்கிறார்கள்: காவியத்தில் இருக்கும் பழைய சொல் தீவின் பெயர் அல்ல, ஓர் எழுத்து வேறாக இருக்கிறது, பின்னால் வந்தவர்கள்தான் தீவுக்கு ஏற்றாற்போல் அந்த எழுத்தைத் திருத்திவிட்டார்கள். உண்மையில் அது நாய் பல்லைக் காட்டுவதைக் குறிக்கும் ஒரு வினையிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள்.

"முடிவு என்ன போட்டிருக்கும்மா?" என்று கேட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். அடுத்த அகராதியைப் புரட்டினார். அதற்கடுத்ததையும் புரட்டினார். பிறகு சொன்னார்: "தோற்றம் உறுதியில்லைன்னு போட்டிருக்கும்மா."

தோற்றம் உறுதியில்லை!

அவையோரே, ஓர் அகராதி வரி ஒருத்தியின் முதுகெலும்பைச் சில்லிட வைக்குமா? வைத்தது. உலகத்து அறிஞர் எல்லாம் கூடித் தேடியும் கிடைக்காத வேரை வைத்தா நான் என் அண்ணன் உயிரைப் பந்தயம் கட்டினேன்? புத்தகத்தை மூடவில்லை. நன்றி சொல்லவில்லை. தெருவைக் கடந்து ஓடினேன். எந்த வண்டி என்னை இடிக்காமல் விட்டது என்று எனக்குத் தெரியாது. வராந்தாவில் அம்மா இல்லை. அவள் விரித்து உட்கார்ந்திருந்த துண்டு மட்டும் கிடந்தது.

அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரித்துக்கொண்டு நின்றேன்.

கதவு திறந்தது. அம்மா வெளியே வந்தாள். செருப்பில்லாமல் வந்தாள். "உள்ள விட்டாங்கடி" என்றாள் காற்றுக்குரலில். "கண்ண முழிச்சிருக்கான். உன்னைத் தேடுறான். பேசாதே, போய் நில்லு."

போனேன். இருட்டு. மருந்து வாசனை. கட்டிலில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. கண் மட்டும் என்னிடம் திரும்பியது. பேசாதே என்று அம்மா சொன்னாள். ஆனால் பேசினேன். ஈ பறக்கும் சத்தத்தைவிட மெல்லப் பேசினேன். "அண்ணே, உன் சிரிப்புக்குப் பேரு கண்டுபிடிச்சேன். எங்கேருந்து வந்ததுன்னு யாருக்கும் தெரியலயாம். ஒரு தீவுலேருந்து வந்ததுன்னு சிலர் சொல்றாங்க. சும்மா பல்லைக் காட்டுறதுதான்னு சிலர் சொல்றாங்க. நான் ரெண்டாவது கட்சி. இளிப்பு. நம்ம ரெண்டு பேருக்கும் இப்ப ஒரே பேருதான்."

அவன் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தான். அவ்வளவுதான். ஆனால் அந்த இமையடிப்பு எந்த அகராதியிலும் எனக்குக் கிடைக்காத பதில்.

பல வாரம் ஆயிற்று. தாடை திறந்தது. முதலில் கரண்டி நுழைந்தது. பிறகு சொல் வந்தது. டாக்டரம்மாவைத் தேடிப் போய், "தோற்றம் உறுதியில்லையாம் டாக்டர்" என்றேன். "அட, அவ்வளவு பெரிய பேரா இருந்துக்கிட்டு அதுக்கும் தெரியலயா!" என்றார்.

இல்லை ஐயா, வேண்டாம்! தட்ட எடுத்த கையை அப்படியே மடியில் வையுங்கள். மறந்துவிட்டீர்கள். தயவுசெய்து.

என் கட்சியை ஏன் சொன்னேன் தெரியுமா? படிக்காத பெண், கிரேக்கம் அறியாதவள், அறிஞர்கள் நடுவே தீர்ப்புச் சொல்ல நான் யார்? எந்த வேர் சரி என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தீவுக்கதை ஏன் பிறந்திருக்கும் என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது. பயத்தில் பல் தெரிகிற ஒரு முகத்தை யாரோ ஒருவர் பார்த்திருப்பார். பக்கத்து வீட்டு முகமாக இருக்கும். தன்னோடு வேலை செய்கிறவன் முகமாக இருக்கும். தாங்க முடிந்திருக்காது. "இது நம்ம ஊர்ச் சிரிப்பு இல்லை; எங்கேயோ தூரத்தில், கடலுக்கு நடுவில், ஏதோ ஒரு தீவில் முளைக்கிற விஷம்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். கொடுமையைக் கப்பலேற்றித் தூரத்துக்கு அனுப்பிவிட்டால் இரவில் தூங்கலாம் அல்லவா?

நாங்களும் அதைத்தானே செய்தோம்? பெண் பார்த்த தீவு, மேஸ்திரித் தீவு, வழுக்கி விழுந்த தீவு! எத்தனை தீவு கண்டுபிடித்தோம், எட்டடி தூரத்தில் இருந்த ஒருவன் கண்ணைப் பார்க்காமல் இருப்பதற்கு!

பெரியவர்களே, எனக்கு இன்னும் பயம். தெருவில் நடந்தால் பயம். பஸ்ஸில் ஒரு பெண் கணவன் பேச்சுக்கெல்லாம் சிரித்துக்கொண்டு வருகிறாள், எனக்குப் பயம். கடையில் ஒரு பையன் முதலாளி திட்டத் திட்டச் சிரித்துக்கொண்டு நிற்கிறான், எனக்குப் பயம். "என்ன திமிரு, சிரிக்கிறான் பாரு" என்கிறார்கள். திமிரா? யாருக்குத் தெரியும்? சிரிப்பின் தோற்றம் உறுதியில்லை அவையோரே! சொல்லுக்கு உறுதியில்லை என்று எழுதிவைக்க அறிஞர்களுக்குத் துணிவு இருந்ததே. முகத்துக்கு மட்டும் நாம் ஏன் ஒரே பார்வையில் தீர்ப்பு எழுதுகிறோம்? பல்லைப் பார்த்தீர்களா? சரி. கொஞ்சம் மேலே பாருங்கள். மனத்துக்குள் அந்த வாயின் மேல் ஒரு துணியைக் கட்டிவிட்டு, மேலே பாருங்கள். கண்ணைப் பார்த்த பிறகு சொல்லுங்கள், அது சிரிப்பா என்று. அதுவரை சொல்லாதீர்கள். அதுவரை சிரிக்காதீர்கள். அதுவரை, தயவுசெய்து, சுத்தியலை நிறுத்திவையுங்கள்!

கை தட்ட வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் சொல்கிறேன் என்றேன். என் அண்ணன் இங்கே வந்திருக்கிறான். கடைசி வரிசை, கதவோரம். திரும்பிப் பார்க்காதீர்கள், கூச்சப்படுவான். நோய் போய்விட்டது என்றார் டாக்டரம்மா. ஆனால் எங்காவது டயர் வெடித்தால் அவன் தோள் இன்னும் துள்ளுகிறது. அவ்வளவு கூட்டத்தில் கை தட்டுவார்கள், வராதே என்றேன். "நீ மேடையில நிப்ப, நான் வீட்டுல உக்காந்திருக்கவா?" என்று கேட்டான். அதனால்தான்.

பேச இடம் கொடுத்த தலைவருக்கும், அகராதியைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடியவளைத் திட்டாமல் மேடைக்கு அழைத்த வாசகசாலை அம்மாவுக்கும், கையை மடியில் வைத்தே கேட்ட உங்களுக்கும் என் நன்றி. கை தட்டும் கைகளை எனக்காக ஒரு முறை கூப்புங்கள், நானும் கூப்புகிறேன். அனைவருக்கும் வணக்கம்.

ஒரு நிமிடம். தலைவர் மன்னிக்க வேண்டும். அங்கே கடைசி வரிசையில் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான். விளக்கு என் கண்ணில் அடிக்கிறது. அவன் பல் தெரிவது போல் இருக்கிறது. அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. எந்தச் சிரிப்பு என்று இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை.

நான் இறங்கிப் போய்ப் பார்க்கிறேன்.